மானைப் பார்க்க ஆமிச் சட்டை எதற்கு? கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து, கொஞ்ச நாள் போனதும் இந்தக் கேள்வி வரும். போயா (பௌர்ணமி) விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுந்தால், உடன் வேலை செய்பவர்கள் காட்டுப் பக்கம் போகலாம் என்று அழைப்பார்கள். யாராவது ஒருவர் “வேட்டை” என்ற சொல்லையும் எடுத்து விடுவார். உடனே, காட்டுக்குப் போக உருமறைப்பு உடுப்பு, அதாவது படையினர் போடுவதுபோன்ற ஆமிச் சட்டை, வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கனடாவில் வளர்ந்து இப்போது கொழும்பில் வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்: அங்கே மான் வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட் பெட்டியில் கிடக்கிறது, இங்கே போடலாமா?

இலங்கையில் மான் வேட்டை சட்டப்படி குற்றம். உருமறைப்பு உடுப்பை இந்த நாட்டில் வெளியே போடவே வேண்டாம். மானை அருகில் பார்க்க அது தேவையும் இல்லை. உடுப்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன். அது காட்டுப் பக்கமே போகாதவரையும் சிக்கலில் மாட்டிவிடும்.

உடுப்பு

சென்னையிலும் மதுரையிலும் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அச்சடித்த காற்சட்டை, தொப்பி, முதுகுப்பை எல்லாம் பையன்களின் சாதாரண உடுப்பு. அதே காற்சட்டையோடு கொழும்பில் காலி வீதியில் (Galle Road) நடந்தால் இங்கே பார்வை வேறாக இருக்கும். படையினர் அல்லாத ஒருவர், படையினர் என்று பிறர் நம்பும்படி அவர்களுடைய உடையைப் போடுவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். நீங்கள் அந்த எண்ணத்தில் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை நடு வீதியில், உங்களுக்குத் தெரியாத சிங்களத்தில், விசாவைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க வேண்டியிருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வீட்டில் வாள், பெரிய கத்தி, படையினர் அல்லது பொலிஸாரின் சீருடை போன்ற துணி இருந்தால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி மக்களிடம் கேட்டார்கள். வாளோடு சேர்த்து எண்ணப்பட்ட துணி அது.

சட்டத்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. போர் 2009இல் முடிந்தது. அதற்கு முன்னால் கொழும்பில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சோதனைச் சாவடி, இரவுச் சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு எல்லாம் அன்றாடம். 2007 யூன் மாதம் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியமுதல் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு அறை தந்திருக்கும் வீட்டுக்கார அம்மா அதைக் கண்ணால் பார்த்தவராக இருக்கலாம். அவருடைய வாசற்படியில் அந்த நிறத் துணியோடு நீங்கள் ஏறி வந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. வடக்கிலோ கிழக்கிலோ ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது இதை இரட்டிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காணாமல் போனவர்களின் படம் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ஆகவே அந்தத் துணியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே கொண்டுவந்திருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது திருப்பிக் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் காற்சட்டைக்கும் இதையே சொல்வேன்.

வேட்டை

இந்தியாவில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே அதுபோல இருப்பது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமான், மரை (ஊரில் கடமான்), கேளையாடு, சருகுமான் எல்லாம் அதன் பாதுகாப்பில் உள்ளவை. குற்றம் சுடுவது மட்டுமல்ல. இறைச்சியை வைத்திருப்பது, விற்பது, வண்டியில் கொண்டுபோவது எல்லாம் குற்றம். துவக்கு (துப்பாக்கி) வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் வேண்டும். இரவல் வாங்கிக் கையில் பிடிக்கும் விளையாட்டும் வேண்டாம்.

புதிதாக வந்தவர்களை உண்மையில் மாட்டிவிடுவது இறைச்சிதான். வன்னிப் பக்கமோ மட்டக்களப்புப் பக்கமோ யாராவது அன்போடு மரை வத்தல் பொட்டலம் கட்டித் தருவார்கள். “பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு” என்று பழமொழியும் சொல்வார்கள். அந்த ஊருக்கே அது தடை என்பதால் பழமொழி இங்கே பொருந்தாது. பஸ்ஸில் பையைத் திறக்கச் சொன்னால் பொட்டலம் உங்கள் கையில், தந்தவர் கையில் இல்லை. வேலை அனுமதியோடு இருக்கும் வெளிநாட்டவர் ஒருவருக்கு நீதிமன்ற வழக்கு என்பது வேலையையும் சேர்த்து இழக்கும் காரியம். மறுப்பதற்கு இலகுவான வழி, “மாமா, நான் விசாவில் இருக்கிறவன், கோபிக்காதேங்கோ” என்பது. யாரும் கோபிப்பதில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

இரவில் லைட் அடித்துப் போகும் “பயணம்” என்று யாராவது அழைத்தால் போகவே வேண்டாம். காட்டில் இடியன் என்ற நாட்டுத் துவக்கைக் கட்டி, கம்பி இழுபட்டால் வெடிக்கும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பிக்கு மான் கால், மனிதக் கால் என்ற வேறுபாடு இல்லை. மலைநாட்டில் தோட்டங்களின் ஓரத்தில் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் சிறுத்தைகள் சிக்கிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. இந்தத் தீவில் மிக அரிதாகவே கண்ணில் பட்ட விலங்கு அது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மானின் கண்ணுக்கு என்ன தெரியும்?

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளிலாவது இந்த உடுப்பு தேவைதானா? அதைத் தெரிந்துகொண்டால், இங்கே மான் பார்க்கப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டு. வட அமெரிக்க வெள்ளைவால் மானில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். குளம்புள்ள விலங்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான். நீலம் மானுக்கு நன்றாகத் தெரியும். பச்சை தெரியும். சிவப்பையும் செம்மஞ்சளையும் பச்சையிலிருந்து பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. புலியின் தோல் நம் கண்ணுக்குத் தீப்போலத் தெரிந்தும் அது மானை நெருங்க முடிவதற்குக் காரணம் இதுவே: மானுக்கு அந்தச் செம்மஞ்சள் புல்லின் நிறத்தோடு கலந்துவிடுகிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் துவக்கு வேட்டைப் பருவத்தில் மானுக்குப் போகிறவர், இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற செம்மஞ்சள் தெரியும்படி உடுத்தி, அதே நிறத் தொப்பியும் போட வேண்டும். உருமறைப்பு வடிவம் அச்சடித்த செம்மஞ்சள் அந்தக் கணக்கில் சேராது. மற்ற வேட்டைக்காரர் உங்களை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்கான சட்டம் அது. மான் அதைக் கண்டு ஓடுவதில்லை. மரத்திலும் புதரிலும் மறைந்து நிற்கும் வில் வேட்டைக்காரருக்கு உருமறைப்புத் துணி கொஞ்சம் உதவும், ஏனென்றால் அவர் மானுக்கு மிக அருகில் வர வேண்டியவர். ஆனால் அவருக்கும் துணி கடைசித் துணைதான். இன்று கடைகளில் விற்கும் இலை, பட்டை அச்சு உடுப்புகள் பரவியது 1980களில். அதற்கு முன்பு ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதர் வெறும் உடம்போடு மானை நெருங்கியிருக்கிறார்கள். நம் தீவின் வேடர்கள் வில்லும் அம்புமாக அதைச் செய்தார்கள்; வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள்.

அப்படியென்றால் மான் எதைக் கண்டு ஓடுகிறது? அசைவை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பின்னால் ஒரு சிறு துண்டைத் தவிர சுற்றிலும் அதற்குத் தெரியும். நம்மைப்போலக் கூர்மையாக அது பார்ப்பதில்லை, ஆனால் கையை உயர்த்தினால் போதும், தலை நிமிர்ந்துவிடும். அடுத்தது காற்று. உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் காற்று வீசினால், நீங்கள் எந்த உடுப்புப் போட்டாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். வாசனைத் தைலமும் முகப்பூச்சும் காட்டுக்குப் போகும் நாளில் வேண்டாம். மூன்றாவது, ஓசை.

இதில் நிறத்தைப் பற்றி நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. நீல ஜீன்ஸ். எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள், மானின் கண்ணில் அதிகமாகப் படுவதும் அதுதான். வெள்ளைச் சட்டையும் அப்படியே. சலவைத் தூளில் இருக்கும் “பளபளப்பாக்கும்” பொருள், நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாக்கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவது. பழைய காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை, சாம்பல் ஆகிய ஒற்றை நிறத் துணி போதும். புறக்கோட்டைக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். முழுக்கைச் சட்டையாக எடுங்கள், வெயிலுக்கும் நுளம்புக்கும் (கொசுவுக்கும்) அது நல்லது.

கொழும்பிலிருந்து எங்கே போவது

வில்பத்து தேசியப் பூங்காதான் என் முதல் தெரிவு. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது ஹுனுவில்கமவில் நிற்க வேண்டும் என்றால் கொழும்பிலிருந்து நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும். முதல் நாளே போய் அருகில் தங்குவது உடம்புக்கு நல்லது. கடவுச்சீட்டை மறக்காதீர்கள். வெளிநாட்டவருக்கும் உள்ளூராருக்கும் கட்டணம் வேறு.

அங்கே “வில்லு” என்று சொல்லும் ஆழமில்லாத நீர்நிலைகளின் கரையில் புள்ளிமான் கூட்டம் மேயும். ஜீப்பை விட்டு இறங்க அனுமதி இல்லை, குறித்த சில இடங்களைத் தவிர. ஆகவே மறைந்து நெருங்கும் தேவையே இல்லை; ஜீப்புக்கு மான்கள் பழகிவிட்டன. நீங்கள் எழுந்து நின்று கையை நீட்டி “அங்க பார்” என்று கத்தாமல் இருந்தால் அது அப்படியே மேயும். சாரதியிடம் “டிகக் நவத்தன்ன” என்றால் கொஞ்சம் நிறுத்துவார். அவர் “முவா” என்றால் புள்ளிமான், “கோனா” என்றால் மரை. நீங்கள் ஊரில் கடமான் அல்லது மிளா என்று சொல்வது அதைத்தான். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். மரத்தில் மந்திகள் இலையையும் காயையும் கீழே போட, அடியில் மான்கள் பொறுக்கும். சிறுத்தையின் அசைவு தெரிந்தால் மந்தி முதலில் குரல் கொடுக்கும், மான் காலைத் தட்டிக் கூவும். அந்தக் கூவலைக் கேட்டால் சாரதி தானாகவே வண்டியைத் திருப்புவார்.

மரையைப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளி. அங்கே நடந்து போகலாம். உயரம் 2,000 மீற்றருக்கு மேல், விடியற்காலை குளிர் எலும்பைத் தொடும். எந்த நிறக் கம்பளிச் சட்டையானாலும் போடுங்கள், நிறத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நிற்காதீர்கள். வாகனத் தரிப்பிடத்துக்கே மரைகள் வரும். பிஸ்கட் கொடுக்கக் கூடாது.

நேரமில்லாதவர்கள் திருகோணமலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெடரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் பட்டுச் சேலைக்கும் மணியோசைக்கும் நடுவே நிற்கின்றன. அங்கே யாரும் சுடுவதில்லை, ஆகவே எந்த உடுப்புக்கும் அவை அஞ்சுவதில்லை. அருச்சனைப் பொருள் வாங்கிய பொலித்தீன் பையை மட்டும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், மான்கள் அதைத் தின்கின்றன. காயப்பட்ட மானையோ கண்ணியையோ எங்காவது கண்டால் நீங்களே கை வைக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழையுங்கள். சிங்களம் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் கடைக்காரரிடம் போனைக் கொடுத்து இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.