'லேர்ன்' எங்கே, 'ஸ்டடி' எங்கே?

தமிழில் எல்லாவற்றுக்கும் 'படிக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறோம். பேப்பர் படித்தாலும் படிப்பு, பரீட்சைக்குப் படித்தாலும் படிப்பு. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. முதலாவது 'ரீட்', அடுத்தது 'ஸ்டடி'.

'ஸ்டடி' என்பது உட்கார்ந்து செய்யும் முயற்சி. அதன் பலனாக மண்டையில் ஏறுகிறதே, அதுதான் 'லேர்ன்'. 'ஐ ஸ்டடீட் ஆல் நைட், பட் லேர்ன்ட் நத்திங்' என்றால், விடிய விடியப் படித்தும் ஒன்றும் ஏறவில்லை என்று அர்த்தம். (நம்மில் பலருக்கும் பழக்கமான நிலைமை!) நீச்சல், சைக்கிள், சமையல் போன்றவற்றைக் கற்றுக்கொள்வதற்கு 'லேர்ன்'தான் வரும். 'ஐ ஆம் ஸ்டடியிங் ஸ்விம்மிங்' என்றால், தண்ணீரில் இறங்காமல் நீச்சலை ஆராய்ச்சி செய்கிறவர் போல ஒலிக்கும்.

ஒரு செய்தி தெரியவந்தது என்பதற்கும் இதே சொல்தான்: 'ஐ லேர்ன்ட் தட் ஹீ ஹேட் லெஃப்ட்', அவர் கிளம்பிவிட்டதாக அறிந்தேன்.

அப்புறம், 'லேர்ன்' இறந்தகாலத்தில் வரும்போது கடைசியில் 'டி'யா (learnt), 'ஈடி'யா (learned) என்று குழம்ப வேண்டாம். பிரிட்டனில் இரண்டும் செல்லும், அமெரிக்காவில் பெரும்பாலும் 'ஈடி'தான். ஆனால் 'ஈடி' போட்ட சொல்லை 'லேர்-னிட்' என்று இரண்டாகப் பிரித்து உச்சரித்தால் பொருள் வேறு: 'கற்றறிந்த'.