தொரோங் லாவைக் கடப்பது: வன்னியிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் வாழ்பவருக்கு ஏற்றம் என்பது பெரும்பாலும் குளக்கட்டோடு முடிந்துவிடுகிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். உயரத்தால் வரும் நோய் தலைகாட்டத் தொடங்குவதோ ஏறத்தாழ 2,500 மீற்றரில். ஆகவே நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீற்றர் உயரத்தில் இருக்கும் தொரோங் லாக் கணவாய்க்கு நம் உடலை ஊரிலிருந்தபடியே பழக்கிக்கொள்ள முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். கால்களைப் பழக்கலாம், மூச்சைப் பழக்குவதை அந்த மலையிலேயே, நாட்கணக்கில் செய்ய வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் குழுவில் மிகவும் பலசாலி, ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் நண்பர் ஒருவர். நெல் மூட்டை தூக்கிப் பழகிய அவர் எல்லோருக்கும் முன்னே நடந்தார். கணவாய்க்குப் போகும் வழியிலுள்ள தங்குமிடமான யாக் கார்க்காவில் தங்கிய இரவு வந்த தலையிடியை எங்களிடம் மறைத்தார். மறுநாள் கணவாயின் அடிவாரமான தொரோங் பேடியில் சத்தி எடுத்துத் தள்ளாடியபோது, வழிகாட்டி ஒரு நொடியும் தயங்காமல் அவரைக் கீழேயுள்ள மனாங் ஊருக்குத் திருப்பிக் கூட்டிச் சென்றார். அவர் உயிரோடு ஊர் திரும்பியது அந்த முடிவால்தான். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகிவிடுகிறது. உடல் வேகமாக மூச்சு வாங்கியும், சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சீர்செய்தும், செங்குருதிக் கலங்களைப் பெருக்கியும் அதனை ஈடுசெய்யப் பல நாட்கள் எடுக்கும். தசைப் பலம் இந்த வேலையைச் சற்றும் விரைவுபடுத்தாது. பலம் உள்ளவர் விரைவாக ஏறிவிடுவதால் அவருக்கே ஆபத்து அதிகம்.

கணவாயைக் கடக்க ஏற்ற காலங்கள் இரண்டு: ஒக்டோபர், நவம்பர் ஒன்று, மார்ச், ஏப்ரல் மற்றொன்று. வயலை நம்பி வாழ்பவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு உழவு தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளி அது. அப்போது உச்சியில் குளிர்காலப் பனி எஞ்சியிருக்கும். சப்பாத்தின் அடியில் மாட்டும் சிறு இரும்பு முட்களை உடன் கொண்டுபோக வேண்டும். ஒக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும் என்றாலும், நாங்கள் நன்கறிந்த வங்காள விரிகுடாப் புயல்களின் காலமும் அதுதான். 2014 ஒக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹூட்ஹூட் புயலின் ஈரக்காற்று வடக்கே சென்று, இரண்டு நாட்களில் தொரோங் லாவையும் அதனை அண்டிய மலைகளையும் பெரும்பனியால் மூடியது. நடைப்பயணிகளும் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோருமாக 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முல்லைத்தீவுக் கரையில் புயலெச்சரிக்கைக்குக் காது கொடுத்துப் பழகிய நாம், விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் மனாங்கிலேயே தங்கிவிட வேண்டும். இழப்பது இரண்டு நாட்கள் மட்டுமே.

ஊரிலேயே செய்ய வேண்டியவை சில உள்ளன. குறைந்தது மூன்று மாதங்கள், வாரத்தில் நான்கு நாட்கள், முதுகில் எட்டுக் கிலோ சுமையுடன் இரண்டு மணித்தியாலம் நடவுங்கள். புதிய சப்பாத்தை அந்த நடையிலேயே பழக்கிக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலைக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது. ஏறுவதைக் காட்டிலும் அங்கே இறங்குவதில் முழங்கால் படும் பாடுதான் பயனுள்ள பாடம். இருதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் காணாமல் புறப்படக் கூடாது. போரில் நெஞ்சில் காயம்பட்டவர்களும், உடலில் இன்னமும் செல் துண்டுகளைச் சுமப்பவர்களும் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் பழைய காயத்தைப் பற்றி ஒன்றும் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லி, நுரையீரலைச் சோதித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். அசிற்றசோலமைட் என்ற குளிசை உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு, அந்த ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் நேபாள விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டும் நமக்குக் குறைந்த கட்டணமே. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும் என்று நேபாளம் விதித்துள்ளது. அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் முதல்முறை செல்பவர் தனியே போகக் கூடாது என்பதே என் கருத்து. காப்புறுதி எடுக்கும்போது, உலங்குவானூர்தி மீட்பு 5,500 மீற்றர் வரையாவது அதில் அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள். தடித்த மேற்சட்டையையும் உறக்கப் பையையும் காத்மண்டுவிலோ பொக்காராவிலோ வாடகைக்கு எடுக்கலாம். மனாங்குக்கு மேலே பண இயந்திரத்தை நம்பாமல், போதிய நேபாள ரூபாயைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது மனாங் வரை ஜீப் ஓடுகிறது. அதில் ஏறி ஓரிரு நாளில் 3,500 மீற்றருக்குப் போய்விடும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஏறத்தாழ 2,670 மீற்றரிலுள்ள சாமேயில் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். மேல் பிசாங், மனாங், யாக் கார்க்கா, தொரோங் பேடி என்று தங்கித் தங்கிச் செல்லுங்கள். 3,000 மீற்றருக்கு மேல், படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. மனாங்கில் இரண்டு இரவுகளாவது தங்கி, பகலில் அருகிலுள்ள மேட்டில் ஏறி மாலையில் இறங்கிவந்து படுக்க வேண்டும். ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேசன் பயணப் பருவங்களில் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தை நடத்துகிறது. அங்கே வைத்தியர்கள் தரும் உயர நோய் விளக்கவுரையைத் தவறவிட வேண்டாம்.

தலையிடியோடு பசியின்மை, ஓங்காளம், களைப்பு, தலைச்சுற்று ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், அது வேறொன்று என்று நிரூபணமாகும் வரை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். அன்று ஓர் அடியும் மேலே போகக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். நோயுற்றவரை, வரப்பில் நடப்பதுபோல் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு இளைத்தால், இருமலில் நுரையோ இரத்தமோ வந்தால், நுரையீரலில் நீர் கோர்க்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் விடியும்வரை காத்திருக்காமல் இரவோடிரவாக, துணையுடன் இறக்க வேண்டும். சோறும் பருப்பும் கறியும் வழியெங்கும் கிடைக்கும், பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள். மதுவையும் நித்திரைக் குளிசையையும் தொடவே வேண்டாம்.

கடக்கும் நாளன்று அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கே பேடியிலிருந்து புறப்பட வேண்டும். முற்பகல் கழியும்போது உச்சியில் காற்று கடுமையாகிவிடும். தண்ணீர்ப் போத்தலை முந்தைய இரவு உறக்கப் பைக்குள் வைத்திருந்து, காலையில் தலைகீழாகச் செருகிக்கொள்ளுங்கள். நீர் மேற்புறத்திலிருந்தே உறைவதால் மூடிப் பக்கம் திறக்கக்கூடியதாக இருக்கும். கைபேசி உடலோடு ஒட்டியிருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் நடந்தால் சில மணித்தியாலங்களில் கண் எரிந்து பார்வை மங்கும். ஓரிரு சொற்கள் பேசியபடி நடக்கக்கூடிய வேகமே சரியான வேகம். இதோ உச்சி என்று தோன்றும் மேடுகள் பல வந்து போகும். கொடிகள் கட்டிய இடத்தைக் கண்ட பிறகே உச்சி. அங்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

மறுபுறம், முக்திநாத் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீற்றர் இறக்கம். இதனால்தான் முக்திநாத் பக்கத்திலிருந்து ஏற வேண்டாம் என்கிறார்கள். அத்தனை உயரத்தையும் ஒரே மூச்சில் ஏற நேரிடும். ஊன்றுகோல் இரண்டையும் பயன்படுத்தி, சிறு சிறு அடியாக வைத்து இறங்குங்கள். முக்திநாத் வைணவர்கள் 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமமாகக் கொண்டாடும் தலம். அங்கே 108 நீர்த்தாரைகளின் கீழும் ஓடிக் குளிக்கும் ஆவல் எவருக்கும் எழும். உடல் களைத்து, வியர்வையில் நனைந்திருக்கும் அந்த மாலையில் அதைச் செய்யாமல், சூடாகச் சாப்பிட்டு, வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்துவிட்டுப் படுங்கள். மறுநாள் வெயில் ஏறிய பின் நீராடலாம்.