டாய்லெட் தண்ணீர் தளும்புகிறதா? கழிவுநீர்க் குழாய் அடைபடும் முன் காட்டும் அறிகுறிகள்

துணியோ நாப்கினோ போய்ச் சிக்கிக்கொண்டால் தவிர, வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஒரே நாளில் அடைபடாது. எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் மணலும் மாதக்கணக்கில் சேர்ந்து சேர்ந்துதான் வழி குறுகும். அந்த மாதங்கள் முழுக்கக் குழாய் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதைப் புரிந்துகொண்டால் வெளியே குழாய் போகும் வழியில் மூடி போட்டிருக்கும் தொட்டியை, அதாவது சேம்பரைத் திறந்து கம்பி விட்டு எடுப்பதோடு வேலை முடியும். தவறவிட்டால் தரையை உடைக்கும் வரை போகலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் மெதுவாக இறங்குகிறதா, பல இடங்களிலா என்பதை. கிச்சன் சிங்க் மட்டும் தேங்குகிறது, மற்றதெல்லாம் நன்றாகப் போகிறது என்றால் அடைப்பு அந்தக் கிளைக் குழாயில்தான். அடியில் ஒரு வாளியை வைத்து, சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயான ட்ராப்பைக் கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்கள் சேர்ந்து தொல்லை தந்தால், உதாரணமாகக் குளிக்கும்போது டாய்லெட்டில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தால், சந்தேகப்பட வேண்டியது எல்லாக் கிளைகளும் சேரும் மெயின் குழாயை.

அந்தச் சத்தம் எப்படி வருகிறது? ஒவ்வொரு திறப்புக்கும் அடியில் இருக்கும் ட்ராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். நல்ல குழாயில் தண்ணீர் அடிப்பாகத்தில் ஓடும், மேல்பாதியில் காற்று போய்வரும். கீழே அடைப்பு இருந்தால் குழாய் நிரம்பிவிடும். நகர வழியில்லாத காற்று, பக்கத்தில் இருக்கும் ட்ராப் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு குமிழியாக மேலே வரும்.

இதைச் சோதிக்க வாஷிங் மெஷினே போதும். அது தண்ணீரைப் பம்ப் வைத்து ஒரே மூச்சில் வெளியே தள்ளும். பாதி அடைத்த குழாயால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. மெஷின் தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில், வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் டாய்லெட் பக்கத்தில் நின்று கோப்பைத் தண்ணீரையே பாருங்கள். அசையாமல் இருந்தால் கவலையில்லை. லேசாகத் தளும்பி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் மெயின் குழாய் பாதி அடைத்திருக்கிறது என்று பொருள். மாடியில் நின்று பார்த்துப் பயனில்லை. எதுக்களிக்கும் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது கீழ்த்தளத்துக் குளியலறைத் தரை ஜாலி வழியாகத்தான்.

சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீர் எங்கும் தேங்காமல் வேகமாக இறங்குகிறது என்றால் காற்று போய்வரும் வென்ட் பைப்பைப் பாருங்கள். மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயின் வாயில் பறவைக் கூடோ சருகோ அடைத்திருக்கலாம். காற்று உள்ளே வர முடியாததால், இறங்கும் தண்ணீர் ட்ராப் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கோப்பைத் தண்ணீர் ஏறினால் பெரும்பாலும் அடைப்பு. வழக்கமான மட்டத்துக்குக் கீழே இறங்கி நின்றால் பெரும்பாலும் வென்ட்.

நாற்றத்துக்குப் பதறுவதற்கு முன், அது புழங்காத குளியலறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தண்ணீர் விடாத ட்ராப் காய்ந்துவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் நாற்றம் நின்றால் விஷயம் அவ்வளவுதான். ஊற்றியும் போகவில்லை என்றால் எங்கோ விரிசலோ கழன்ற இணைப்போ இருக்கலாம். ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் டாய்லெட்டின் அடிப்பூச்சைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இனி சேம்பர். வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை நேரில் காட்டும் ஒரே இடம் இதுதான். அதிகம் பேர் திறந்தே பார்க்காத இடமும் இதுதான். இரண்டு பேராக, கடப்பாரையால் மூடியை நெம்பி நகர்த்துங்கள். உடனே குனிய வேண்டாம். சில நிமிடம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் நெருப்பும் குழந்தைகளும் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். வீட்டுக்குள் தேங்கியிருக்க, சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். வரிசையாகச் சில சேம்பர்கள் இருந்தால், நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் இடையில் தேடினால் போதும்.

இன்றைக்குத் தண்ணீர் சரியாகப் போகிறதே என்று மூடிவிடாதீர்கள். சேம்பரின் அடியில் அரைவட்ட வாய்க்கால் இருக்கும். தண்ணீர் அதற்குள்தான் ஓட வேண்டும். இருபுறச் சரிவும் காய்ந்து கிடக்க வேண்டும். அந்தச் சரிவில் பேப்பர் துணுக்கு ஒட்டியிருந்தால், சுவரில் கருப்பாக ஒரு பிசுக்குக் கோடு ஓடினால், முன்பு ஒரு நாள் அந்த உயரம் வரை கழிவுநீர் ஏறி வடிந்திருக்கிறது. வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமலே நடந்த அடைப்பின் தடயம் அது.

அடுத்து ஒருவர் டாய்லெட்டில் கேசரிப் பவுடர் போன்ற ஏதாவது சமையல் நிறத்தைக் கரைத்து ஃப்ளஷ் செய்யட்டும். நிறத்தண்ணீர் 'சர்'ரென்று வந்து உடனே வடிந்துவிட வேண்டும். நூல் பிடித்தாற்போல வந்து நெடுநேரம் ஒழுகிக்கொண்டே இருந்தால் வழி குறுகியிருக்கிறது. வரவே இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது நடுவில் உடைந்து மண்ணுக்குள் போகிறது.

நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு ஒரு அடி வாட்டம் என்பது நல்ல கணக்கு. மீட்டருக்கு 25 மில்லிமீட்டர். வாட்டம் மிகக் குறைந்தால் தண்ணீர் போய்விடும், கழிவு தங்கிவிடும். மண் இறங்கிக் குழாய் தொய்ந்தாலும் இதே கதைதான். சில மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அடைக்கிறது என்றால் வீட்டில் இருப்பவர்களைக் கோபித்துப் பயனில்லை. அங்கே தொய்வோ வேரோ இருக்கிறது. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்களின் சிமெண்ட் இணைப்பில் முடி அளவு வேர் நுழைந்து, உள்ளே வலைபோலப் படர்ந்து, போகிற பேப்பரையெல்லாம் பிடித்துவைக்கும். கம்பி விட்டால் அறுபடும், மறுபடி வளரும். அப்படிப்பட்ட குழாயைக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டையே மாற்றுவதுதான் சரி.

வெளியே, வெயில் காலத்தில் குழாய் போகும் பாதையில் மட்டும் மண் ஈரமாக இருப்பதும், புல் ஓரிடத்தில் மட்டும் செழிப்பதும், தரைக்கல் அமுங்குவதும் கசிவின் அடையாளங்கள். பக்கத்தில் கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதைச் சோதித்துச் சரியென்று தெரியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மழையின்போது மட்டும் எதுக்களித்தால், மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் சேர்கிறது. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில், உள்ளே வந்து சேரும் குழாயின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறி நின்றால் கோளாறு டேங்கிலோ அதற்கு அப்பாலோதான்.

ஆசிட், காஸ்டிக் சோடா ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தேங்கிய தண்ணீரில் அது நீர்த்துப்போய் அடைப்பைச் சரியாகத் தொடாது. காஸ்டிக் சூடாகி பிவிசி குழாயை இளக்கலாம். பிறகு திறக்கும் தொழிலாளியின் முகத்தில் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், சேம்பருக்குள்ளோ டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து சாவது அதனால்தான். கம்பியோ, தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஜெட்டிங் இயந்திரமோ, எல்லா வேலையும் மேலிருந்தே நடக்க வேண்டும்.

தரை ஜாலி வழியாகக் கழிவுநீர் வரத் தொடங்கிவிட்டால், மாடி வீட்டையும் சேர்த்து எல்லாக் குழாயையும் மெஷினையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் சேம்பரின் மூடியைத் திறந்து வையுங்கள். அது தரை ஜாலியைவிடத் தாழ்வாக இருந்து, அடைப்பும் அதற்கு அப்பால் இருந்தால், தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல் அங்கே வழியும்.