வீட்டுக்காரர் ஏன் தயங்குகிறார்: ஒன்ராறியோவில் வாடகை வீடு தேடும் புதியவர்களுக்கு

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பேஸ்மென்ட் (வீட்டின் கீழ்த்தளம்) தேடும் புதியவர்கள், வீட்டுக்காரரும் தமிழர்தானே, பிறகு எதற்கு வேலைக் கடிதம், கிரெடிட் அறிக்கை (கடன்களை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் பதிவு), பிணைக்கு ஆள் என்று இத்தனை கேட்கிறார் என மனம் வருந்துவதுண்டு. சாவியைக் கொடுத்த பின் அவர் கையில் மிஞ்சும் அதிகாரம் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம்.

ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தால் குடியிருப்பவர் போய்விட வேண்டும் என்ற ஊர் வழக்கம் இங்கே செல்லாது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, புதிதாக எதுவும் எழுதாவிட்டாலும் வாடகை மாதத்துக்கு மாதம் தானாகவே தொடரும். போக மறுப்பவரை வெளியேற்ற வேண்டுமானால், வாடகை செலுத்தாமை, உரிமையாளரோ அவருடைய பிள்ளைகளோ அங்கே குடிவரப்போவது போன்ற சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றைக் காட்டி, உரிய படிவத்தில் அறிவித்து, வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவையும் பெற வேண்டும். அதன் பின்னும் பூட்டை மாற்றும் அதிகாரம் ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அலுவலருக்கே உண்டு. அந்தத் தீர்ப்பாயத்தில் 38,000க்கும் அதிகமான விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததை மாகாண ஒம்பட்ஸ்மன் (அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) 2023 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. விசாரணைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வாடகை வராவிட்டாலும் மோட்கேஜ் (வீட்டுக் கடன் தவணை) கட்டியே ஆக வேண்டும் என்பதால், பேஸ்மென்ட் வாடகையை நம்பி வீடு வாங்கிய குடும்பம் இதில் நொடிந்துபோகக் கூடும்.

ஒழுங்காக வாடகை தரும் நெடுநாள் குடித்தனக்காரராலும் வீட்டுக்காரருக்கு ஒரு நெருக்கடி உண்டு. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான், 90 நாள் எழுத்து அறிவித்தலுடன், மாகாணம் அறிவிக்கும் வீதத்துக்குள்தான் உயர்த்தலாம். அந்த வீதம் 2021இல் பூச்சியம், 2022இல் 1.2 சதவீதம், அடுத்த மூன்று ஆண்டுகளும் 2.5 சதவீதம். ஆகவே 2020இன் இறுதியில் 1,200 டொலராக இருந்த வாடகை, ஆண்டுதோறும் தவறாமல் உயர்த்தியிருந்தாலும் 2025இல் 1,308 டொலரைத்தான் எட்டியிருக்கும். வட்டியும் காப்புறுதியும் சொத்துவரியும் அந்த வரம்புக்குள் நிற்பதில்லை. வீடு காலியானால் புதியவரிடம் எந்தத் தொகையும் கேட்கலாம் என்பதால், "மகன் வரப்போகிறான்" என்ற காரணம் சில வீடுகளில் திடீரென முளைக்கிறது. அது பொய்யென நிரூபணமானால் உரிமையாளர் இழப்பீடும் அபராதமும் செலுத்த நேரிடும். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த உயர்வு வரம்பு இல்லை. வீடு பார்க்கும்போதே அதை விசாரியுங்கள்.

அவருடைய அச்சம் நியாயமானதுதான், ஆனால் அதற்காக அவர் கேட்பதெல்லாம் நியாயமாகிவிடாது. கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று தனி வைப்புப் பணம் கேட்பது சட்டவிரோதம். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கனடாவில் முன்பு வாடகைக்கு இருந்ததில்லை, கிரெடிட் வரலாறு இல்லை என்பதை உங்களுக்கு எதிரான குறையாகக் கொள்ளக் கூடாது என்று மாகாண மனித உரிமை விதிகள் கூறுகின்றன. அதற்குப் பதிலாக வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நீங்களே முன்கூட்டிக் காட்டினால் பேச்சு எளிதாகும்.

வீட்டுக்காரருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய அறை என்றால் மிகக் கவனம் தேவை, ஏனெனில் அத்தகைய குடியிருப்புக்கு மேற்சொன்ன சட்டப் பாதுகாப்பு எதுவும் பெரும்பாலும் கிடையாது. மற்ற வீடுகளுக்கு மாகாணத்தின் நிலையான ஒப்பந்தப் படிவம் 2018 ஏப்ரல் 30 முதல் கட்டாயமாக உள்ளது. தெரிந்தவர், ஊரவர் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாமல், மின்சாரமும் தண்ணீரும் யார் பொறுப்பு என்பதை அதில் எழுதி வாங்குங்கள். வாடகையைக் கையில் பணமாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள்; கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது அவர் கடமை. குழாய் ஒழுகினால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட கசிவு வீட்டுக்காரருக்குப் பெரும் செலவை இழுத்து வைக்கக் கூடும்.

வெளியேறும்போது, வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியும்படி 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடைசி மாத முற்பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டி உண்டு என்பதைப் பல வீட்டுக்காரர்களே அறிந்திருப்பதில்லை. அதைத் தயங்காமல் கேளுங்கள்.