தீ விபத்துக்குப் பின் எஃகுச் சட்டகத்தில் அமில அரிப்பைக் கண்டறிந்து தடுக்கும் முறை

தீ அணைந்ததும், தூண்களும் உத்திரங்களும் வளைந்திருக்கின்றனவா என்றே பெரும்பாலோர் பார்க்கிறார்கள். நேராக நிற்கும் எஃகின் மேல் படிந்த கரியில் அமிலம் இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்தால்தான் அந்த ஆய்வு முழுமை பெறும்.

முதலில், எரிந்த பொருள்கள் எவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி உறைகளிலும் குழாய்களிலும் உள்ள பி.வி.சி. என்னும் நெகிழியே அமிலத்துக்கு முதன்மைக் காரணம். கலப்பற்ற பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரியத் தொடங்கிவிடும். புகையோடு பரவும் இந்த வாயு, குளிர்ந்த எஃகின் மேலுள்ள ஈரத்தில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறுவதால், தீ எட்டாத தளங்களும் பாதிக்கப்படலாம். அமிலம் இரும்பைக் கரைத்து இரும்புக் குளோரைடை உருவாக்குகிறது. அது ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து துருவாக மாறும்போது அமிலம் மறுபடியும் விடுபடுகிறது. ஆகவே, குளோரைடை அகற்றாமல் துருவை மட்டும் சுரண்டி வண்ணம் பூசுவது வீண் செலவு.

கந்தகத்தின் வேலை வேறு. ரப்பர் எரியும்போதும், இடிபாடுகளுக்குள் கரியோடு சேர்ந்து, சுவர்ப்பலகைகளில் உள்ள கந்தகம் கொண்ட ஜிப்சம் மிகு வெப்பத்தில் சிதையும்போதும் வெளிப்படும் கந்தகம், எஃகின் படிகமணி எல்லைகள் (உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) வழியே உட்புகக்கூடும். இரும்பு 1538 டிகிரியில் உருகும். இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்த கலவையோ 988 டிகிரியிலேயே உருகிவிடும். விளிம்புகள் உருகியதுபோல் மெலிந்திருந்தால், அப்பகுதியை வெட்டி உலோகவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

குளோரைடைச் சோதிப்பது எளிது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால், அளந்து குறித்த பரப்பைத் துடைத்து, பஞ்சை அதே நீரில் அலசி, முதலில் பி.எச். தாளால் அமிலத்தன்மையைப் பார்க்க வேண்டும். பிறகு கரியை வடிகட்டி, சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட் கரைசலும் சேர்த்தால், குளோரைடு இருந்தால் பால்போன்ற வெண்மையான கலங்கல் தோன்றும். புகை படாத எஃகிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுவது அவசியம். கையுறையும் அணிய வேண்டும், ஏனெனில் வியர்வை உப்பே சோதனையைக் கெடுத்துவிடும்.

சுத்தம் செய்யும் வரை அரிப்பை மந்தப்படுத்த, ஈரநீக்கிகளை இயக்கி, காற்றின் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்கும் கீழே வைத்திருப்பது நல்லது. பின்னர் கரியை உறிஞ்சி எடுத்து, சமையல் சோடா போன்ற மென்காரக் கரைசலால் கழுவி, நன்னீரால் அலசி, உடனே உலர்த்த வேண்டும். குளோரின் கலந்த சலவைத்தூளை எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. கழுவுவதற்கு முன்பே மணல்வீச்சுச் (மணலை விசையோடு பாய்ச்சித் துருவை நீக்குவது) செய்தால் உப்பு எஃகின் குழிகளுக்குள் அழுந்திவிடும் என்பதால், அதைக் கழுவிய பின்னரே செய்து, மறுசோதனையில் குளோரைடு இல்லையெனத் தெரிந்த பிறகே வண்ணம் பூச வேண்டும்.

அமிலம் இடுக்குகளில்தான் நெடுநாள் தங்கும். எனவே இணைப்புத் தகடுகளின் ஓரங்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உயர்வலிமை போல்ட்டுகள் அமிலம் பட்டால் ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை பெறக்கூடும் என்பதால், ஐயமுள்ளவற்றைக் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே சரி.