மறுவாழ்வு மையத்துக்கு வரும் புது ஆலோசகர்களே, இதைச் செய்யாதீர்கள்

போன வாரம் எங்கள் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஒரு கொத்தனாரிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, "அண்ணே, அவர் முழுசா மாறிட்டார்" என்றார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்லீரல் படம் காட்டிப் பயமுறுத்தக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

பிள்ளை தலையில் சத்தியம்

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் பார்க்க வரும், மனைவி அழுவார், உடனே ஆலோசகரும் உருகிப்போய் "பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுங்க" என்பார். ஒரு லோடுமேனை நானே அப்படிப் பண்ண வைத்திருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, இரட்டைச் சடை. அப்பா கை தலையில் பட்டதும் என்னவோ ஏதோவென்று கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போன பதினோராம் நாள் ஒரு குவார்ட்டர். மறுநாளே வந்திருந்தால் பேசிச் சரிசெய்திருக்கலாம், சறுக்காமல் மீண்டவர்கள் குறைவுதான். ஆனால் அவர் எந்த முகத்தோடு வருவார்? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் வீடே அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறது, அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மறுபடி குடி. ஆறு மாதம் கழித்து மஞ்சள் காமாலையோடு வந்தார். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது அவரவர் விருப்பம். நாம் கட்டிவிடக் கூடாது.

முதல் நாளே ஆலோசனை

நிறுத்திய முதல் மூன்று நான்கு நாளில் வலிப்போ பிதற்றலோ வரலாம். அது டாக்டர் வேலை.

"சரிங்க சார்" என்பதை நம்புவது

காலைத் தியானத்துக்கு முதல் ஆளாக வருபவர், வீட்டுக்குப் போகும் தேதியை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

எதிர்த்துப் பேசுபவரை ஒதுக்குவது

வேண்டாம்.

கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது

மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' பற்றி அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-லேயே எழுதிவிட்டார், நாம்தான் இன்னும் பிரசங்கம் பண்ணுகிறோம். குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்று கேட்கிறோம், அவர் 4 என்கிறார். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் விட முடியாததற்குக் காரணங்களை அடுக்குவார். "ஏன் 2 சொல்லலை?" என்று கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். தம்பியை மறுபடி அனுப்பி அந்தக் கொத்தனாரிடம் இதைக் கேட்க வைத்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்: "மேஸ்திரி இப்பல்லாம் என்னைச் சாரத்துல ஏற விடறதில்ல. கீழ நின்னு கலவை போடறேன்."