பழைய வீட்டு எண்ணை இழக்காமல் இணையவழித் தொலைபேசிக்கு மாறுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் 031 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி எண் தலைமுறை தாண்டியும் மாறாமல் இருந்து வருகிறது. கோயில் நிர்வாகத்தாரின் ஏட்டிலும், மருத்துவமனைக் கோப்பிலும், ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் குடியேறிவிட்ட பிள்ளைகளின் நினைவிலும் பதிந்திருப்பது அந்த எண்தான். செப்புக் கம்பி இணைப்புகளை டெல்காம் என்ற தொலைபேசி நிறுவனம் படிப்படியாக விலக்கி வருகிறது. கம்பித் திருட்டு நடந்த தெருக்களில் பழைய இணைப்பு திரும்ப வருமா என்பதே ஐயம். அதனால் வீட்டுத் தொலைபேசியே இனி வேண்டாம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கைப்பேசியில் செயலியைத் தேடித் திறந்து பேசப் பழகாத ஆயாவும் தாத்தாவும் இருக்கும் வீட்டில் அது சரியான முடிவு அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழை இணைய இணைப்பு வந்துவிட்ட வீட்டில், அதே எண்ணையும் பெரும்பாலும் அதே தொலைபேசிக் கருவியையும் வைத்துக்கொண்டு இணையத்தின் வழியே பேசலாம்.

இந்நாட்டில் 2005 பிப்ரவரி முதல் இணையவழிக் குரல் சேவையை வழங்க மேலும் பல நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. வீட்டு எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச்செல்லும் வசதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. கவனம் தேவைப்படுவது வேலையைச் செய்யும் வரிசையில்தான்.

இணைப்பு தாங்குமா என்று பார்த்தல்

இணையவழித் தொலைபேசியில் நம் குரல் பொதுவாக 20 மில்லி வினாடி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. பழைய தொலைபேசிக்கு இணையான ஒலித்தரம் தரும் ஜி.711 என்ற முறையில், பொட்டலங்களின் மேலுறைத் தகவலையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் செலவாகும். மிகச் சிறிய ஃபைபர் திட்டத்துக்கும் இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே தொலைபேசிக்காக வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று விற்பனையாளர் சொன்னால் அதற்கு இணங்கத் தேவையில்லை. ஃபைபர் வராத பகுதியில், கைப்பேசிக் கோபுரம் வழியே இணையம் பெறும் எல்டிஇ ரவுட்டரை வைத்திருப்பவர்கள் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்: ஜி.711 முறையில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு, இரு திசையும் சேர்ந்து, சுமார் 78 மெகாபைட் டேட்டா செலவாகும், ஜி.729 என்ற சுருக்கு முறையில் சுமார் 28 மெகாபைட் போதும், ஆனால் குரலின் இயல்பு சற்றுக் குறையும்.

வேகத்தைவிட முக்கியமானவை மூன்று: பொட்டலங்கள் சென்றுசேரும் தாமதம், அந்தத் தாமதம் நொடிக்கு நொடி மாறும் அளவு, வழியில் தொலைந்துபோகும் பொட்டலங்கள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒருவரையொருவர் இடைமறித்துக்கொண்டே இருப்பார்கள். இதனால்தான் சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழைப்புகளை இணைத்துவைக்கும் கணினியான அதன் சர்வர் தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்கிறேன். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால், ஃபீனிக்ஸிலிருந்து வெருலத்தில் இருக்கும் அக்காவுக்குச் செய்யும் அழைப்பின் குரல்கூடக் கடலைக் கடந்துபோய்த் திரும்பி வர நேரும். மொரிஷியஸுக்கோ ரீயூனியனுக்கோ இந்தியாவுக்கோ பேசும்போது கடல் கடப்பது தவிர்க்க முடியாதது. குவாசூலு-நட்டாலின் முட்டுன்சினிக் கடற்கரையில் கரையேறும் சேஃப் என்ற கடலடிக் கம்பி ரீயூனியன், மொரிஷியஸ், கொச்சி, பினாங்கு ஆகிய இடங்களைத் தொட்டுச் செல்கிறது; நம்மவர்கள் வாழும் கரைகள் பலவற்றை அந்த ஒரே கம்பி இணைக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, வீட்டில் எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்தும் நேரத்தில், ஒரு வேகச் சோதனையை நடத்தி, பதிவேற்ற வேகத்தையும் தாமத எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லாத காலை நேரத்தில் எடுக்கும் சோதனை நல்ல எண்களைத்தான் காட்டும். அதை நம்பக் கூடாது.

எண்ணை மாற்றும் வரிசை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பழைய இணைப்பை நீங்களாக முதலில் ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணை எடுத்துச்செல்ல முடியாது. அது பழைய நிறுவனத்திடமே திரும்பிப் போய்விடும். புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அந்த நிறுவனமே எண்ணைக் கேட்டுப் பெறும்படி விடுவதுதான் முறை. கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதமும், அண்மைய ரசீதும், அடையாளச் சான்றும், முகவரிச் சான்றும் கேட்கப்படும். நம் வீடுகளில் தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கணக்கு அவர் பெயரிலேயே இருப்பது வழக்கம். அப்படியானால் முதலில் பழைய நிறுவனத்திடம் கணக்கை உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் பொருந்தாத விண்ணப்பம் திரும்பிவரும்.

அதே செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் இணையமும் ஓடிக்கொண்டிருந்தால், எண் மாறும் நாளில் இணையமும் நின்றுபோகலாம். ஃபைபர் பொருத்தி, அது சீராக ஓடுவதைச் சில நாள் பார்த்த பிறகே எண்ணைக் கேளுங்கள். வீட்டின் திருட்டு எச்சரிக்கைக் கருவி பழைய தொலைபேசிக் கம்பி வழியாகக் காவல் நிறுவனத்தை அழைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், அதை வானொலி அல்லது சிம் வழிக்கு மாற்றும்படி அந்நிறுவனத்திடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எண் வந்துசேரும் வரை, புதிய நிறுவனம் பெரும்பாலும் 087 என்று தொடங்கும் தற்காலிக எண் ஒன்றைத் தரும். சோதனைகளுக்கு அது நல்லது. ஆனால் அதையே நிலையான எண்ணாக ஏற்றுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 031 போன்ற வட்டார எண்ணுக்குப் பேசுவது சில திட்டங்களில் இலவச நிமிடங்களில் அடங்கும். 087 எண் அடங்காமல் போகலாம். அந்தச் செலவு நம்மை அழைக்கும் உறவினர் மேல் விழும்.

கருவியும் கம்பியும்

பழைய தொலைபேசியை இணையத்தோடு சேர்க்க ஒரு சிறிய அடாப்டர் தேவை. அதன் ஒரு முனையில் ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பியும், மறுமுனையில் தொலைபேசிக் கம்பியும் செருகப்படும். சில ரவுட்டர்களில் தொலைபேசிக்கான துளை உள்ளேயே அமைந்திருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டுத் தொலைபேசியைப் பாருங்கள்: பொத்தான்களை அழுத்தும்போது இசையொலி எழுப்பும் கருவி எதுவும் பொருந்தும், வட்டைச் சுழற்றும் பழைய கருவியைப் பல அடாப்டர்கள் புரிந்துகொள்வதில்லை.

ஒரே ஒரு தொலைபேசி போதுமென்றால் அதை அடாப்டரில் நேரடியாகச் செருகிவிடலாம். அறைதோறும் உள்ள சுவர்த் துளைகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால், வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் செப்புக் கம்பியை முதலில் பிரித்துவிட வேண்டும். அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 50 வோல்ட் மின்சாரம் வருகிறது, மணியடிக்கும்போது அது இன்னும் கூடும். அந்த மின்சாரமும் அடாப்டர் தரும் மின்சாரமும் சந்தித்தால் அடாப்டர் எரிந்துபோகும். ரவுட்டருக்கும் அடாப்டருக்கும் இடையே வைஃபையை நம்பாமல் கம்பியைப் போடுங்கள்.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

பேசும்போது குரல் துண்டு துண்டாகக் கேட்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் காரணம் இணைப்பின் வேகம் அல்ல, பதிவேற்ற வரிசை. யாரோ ஒருவரின் கைப்பேசி காவடித் திருவிழாவின் வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால், குரல் பொட்டலங்கள் அவற்றின் பின்னால் காத்து நிற்க நேரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எது முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் க்யூஓஎஸ் என்ற பகுதி இருந்தால், அடாப்டருக்கு முதலிடம் கொடுத்து, மொத்தப் பதிவேற்ற வேகத்தை நீங்கள் அளந்த உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துங்கள். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றினாலும், வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்; குரல் எப்போதும் முன்னால் போகும்.

அதே பக்கத்தில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும். இணையவழித் தொலைபேசிக்கு உதவுவதற்காகவே அதைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் பல ரவுட்டர்களில் அது பொட்டலங்களின் முகவரியைத் தவறாகத் திருத்திவிடுகிறது. நீங்கள் பேசுவது மறுமுனைக்குக் கேட்டு, மறுமுனை பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், முதலில் இதை அணைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அழைப்பும் 32 வினாடி அளவில் தானாகவே அறுந்தால், அழைப்பை ஏற்றதற்கான உறுதிச் செய்தி வழியில் தொலைகிறது என்று பொருள்; அதற்கும் மருந்து பெரும்பாலும் இதுவே. வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் சற்று நேரம் கழித்து உள்ளே வரும் அழைப்புகள் மட்டும் வருவதில்லை என்றால், அடாப்டர் சர்வரில் தன் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்து, இணைப்பு அறுந்துவிடாமல் காக்கும் கீப்-அலைவ் என்ற அமைப்பை இயக்குங்கள்.

மின்வெட்டுக்கு முன்னேற்பாடு

பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்கியதால் வீடு இருளில் இருந்தாலும் மணி அடித்தது. இனி அந்தப் பொறுப்பு நம்முடையது. லோட் ஷெடிங் ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரமும், நிலை கடுமையாகும்போது நான்கு மணி நேரத்துக்கு மேலும் நீடித்ததை நாம் அறிவோம். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றும் இயங்கினால்தான் தொலைபேசி இயங்கும். மூன்றும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் 20 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரத்துக்கு 50 வாட்-மணி தேவை. கடைகளில் விற்கும் சிறிய யுபிஎஸ் பெட்டிகளில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அது 3.7 வோல்ட் மின்கலத்தின் கணக்கு என்பதால் உண்மையில் 37 வாட்-மணிதான், மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக இன்னும் குறையும். வாட்-மணி எண்ணைக் கேட்டு, தேவைக்கு ஒன்றரை மடங்காவது கொண்டதை வாங்குங்கள். ஒவ்வொரு கருவியின் வோல்ட் அளவும் யுபிஎஸ் தரும் வோல்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தளத்துக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்பதால், கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசி ஒன்றையாவது அடாப்டரில் வைத்திருப்பது நல்லது. அதற்கான மின்சாரம் அடாப்டரிலிருந்தே கிடைத்துவிடும்.

காவல்துறைக்கான 10111, ஆம்புலன்ஸுக்கான 10177 ஆகிய எண்கள் உங்கள் திட்டத்தில் இயங்குகின்றனவா என்று சேவை நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். சோதிப்பதற்காக அந்த எண்களை அழைக்காதீர்கள். இணையவழி அழைப்பில் நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரியும் என்று எண்ணக் கூடாது. வீட்டு முகவரியை, அருகிலுள்ள குறுக்குத் தெருவின் பெயருடன், பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டிவிடுங்கள். இணையமே செயலிழந்தால் கைப்பேசியிலிருந்து 112-ஐ அழைக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

திருட்டு அழைப்புகள்

அடாப்டருடன் வரும் தொடக்கக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். கணக்கின் கடவுச்சொல் எளிதாக இருந்தால், முன்பின் தெரியாதவர்கள் இரவோடு இரவாக உங்கள் கணக்கில் தொலைதூர நாடுகளின் உயர்கட்டண எண்களுக்குப் பேசிவிடுவார்கள். முன்பணம் செலுத்தும் திட்டத்தை எடுப்பதும், நீங்கள் பேசும் நாடுகளுக்கு மட்டும் வெளிநாட்டு அழைப்பைத் திறந்துவைப்பதும் சிறந்த காப்பு. இந்தியாவும் மொரிஷியஸும் போதுமென்றால் 0091, 00230 ஆகிய இரண்டை மட்டும் அனுமதிக்கும்படி நிறுவனத்திடம் சொல்லலாம்.

எண் மாறிவந்த அன்று, ஒரே ஒரு கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்து நிறைவடையாதீர்கள். ஒவ்வொரு கைப்பேசி நிறுவனத்தின் எண்ணிலிருந்தும், ஒரு பழைய வீட்டுத் தொலைபேசியிலிருந்தும், வெளிநாட்டு உறவினர் ஒருவரிடமிருந்தும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். சில நிறுவனங்களின் வழிப்பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் அவர்களின் அழைப்பு மட்டும் பழைய இடத்துக்கே போகும். அப்படி நேர்ந்தால் அழைத்தவரின் எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். அடுத்த மாத வங்கிக் கணக்கில் பழைய இணைப்புக்கான பற்று நின்றுவிட்டதா என்று பார்த்து, நிற்கவில்லை என்றால் எண் மாறிய தேதியைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் நிறுத்தச் சொல்லுங்கள்.